ரேபிஸின் தாய்வீடு எது? வௌவால்களிடமும் காட்டு விலங்குகளிடமும் ஆய்வாளர்கள் தேடுவது

1925-ஆம் ஆண்டில் கரீபியன் கடலிலுள்ள டிரினிடாட் தீவில் மாடுகள் சாகத் தொடங்கின. முதலில் பின்னங்கால்கள் தளரும். பிறகு மாடு எழ முடியாமல் படுத்துவிடும். சில நாட்களில் இறந்துவிடும். கெட்டுப்போன தீனியின் நஞ்சுதான் காரணம் என்று முதலில் கருதினார்கள். 1929-இல் மனிதர்களுக்கும் அதே கதி நேர்ந்தது. காலில் தொடங்கிய முடக்கம் மேலேறி உயிரைக் குடித்தது. இளம்பிள்ளை வாதமாக இருக்கும் என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். ரேபிஸ் என்ற எண்ணம் எழாததற்கு வலுவான காரணம் இருந்தது: இறந்தவர்களை எந்த வெறிநாயும் கடித்திருக்கவில்லை.

தீவின் பாக்டீரியாவியலாளர் ஜோசப் லெனாக்ஸ் பாவன், இறந்தவர்களின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நரம்பணுக்களுக்குள் நெக்ரி துகள்களைக் கண்டார். ரேபிஸ் தாக்கிய மூளையில் தென்படும் இந்தத் துகள்களை 1903-இல் இத்தாலியரான அடெல்கி நெக்ரி விவரித்திருந்தார். பாவன் அத்தோடு நிற்கவில்லை. நாய் கடிக்காமல் ரேபிஸ் எப்படி வந்தது என்று தேடிப் போனார். 1930-களின் தொடக்கத்தில், இரத்தம் குடிக்கும் வௌவாலின் மூளையிலும் அதே துகள்களைக் கண்டுபிடித்தார்.

இதற்கு முன்பே, 1911-இல், பிரேசிலின் சாந்தா கத்தரினா மாநிலத்தில் மாடுகள் கூட்டமாக இறந்ததை ஆராய்ந்த அன்டோனியோ கரினி, அது ரேபிஸ்தான் என்று எழுதியிருந்தார். பட்டப்பகலில் வௌவால்கள் வந்து மாடுகளைக் கடிப்பதைப் பார்த்தோம் என்று உள்ளூர் விவசாயிகள் சொல்லியிருந்தார்கள். அதை அறிவியல் உலகம் நம்பவில்லை. மாட்டோடு நாள்தோறும் வாழ்பவர்கள் கண்ணால் கண்டு சொன்னதற்கு உரிய மதிப்புக் கிடைக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

காட்டு விலங்குகளிடம் நடக்கும் ரேபிஸ் ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் அடியில் பாவன் கேட்ட கேள்விதான் இருக்கிறது. கடித்த விலங்கு எது என்று கேட்பதோடு அது முடிவதில்லை. இந்த வைரஸ் எந்த விலங்கினத்தில் நிலைத்து வாழ்கிறது என்பதே கேள்வி. ஒரே இனத்துக்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு, ஆண்டுக்கணக்கில் தொடர் அறாமல் வைரஸ் பரவிக்கொண்டிருந்தால், அந்த இனத்தை அதன் நிலையான ஓம்புயிரி என்பார்கள். எளிமைக்காக வைரஸின் தாய்வீடு என்று வைத்துக்கொள்வோம். டிரினிடாட்டில் இறந்த மாடுகளும் மனிதர்களும் அந்த வைரஸுக்குத் தாய்வீடு ஆகவில்லை. அங்கே நுழைந்த வைரஸ் அடுத்தவருக்குப் போகாமல் அவர்களோடு முடிந்துவிட்டது. வௌவால்களிடம் அது தொடர்ந்தது.

இதைப் புரிந்துகொள்ள வைரஸின் வாழ்க்கையைச் சற்றுப் பார்க்க வேண்டும். ரேபிஸ் வைரஸ் துப்பாக்கித் தோட்டாவின் வடிவம் கொண்டது. அதன் ஆர்.என்.ஏ. இழையில் ஏறத்தாழ 12,000 மரபெழுத்துகளும் ஐந்தே ஐந்து மரபணுக்களும் உள்ளன. கடியின் வழியாக உடலில் நுழையும் இந்த வைரஸ், பல வைரஸ்களைப் போல இரத்தத்தில் கலந்து பரவுவதில்லை. நரம்பு முனைக்குள் புகுந்து, நரம்பின் வழியாகவே தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஏறுகிறது. அங்கே பெருகி, மறுபடியும் நரம்புகளின் வழியாக உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது. மூளை பாதிக்கப்பட்ட விலங்கு கடிக்கிறது. உமிழ்நீரில் வைரஸ் காத்திருக்கிறது. மனிதரிடம் இந்தப் பயணத்துக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும். சில வேளைகளில் ஓராண்டுக்கும் மேல் ஆகலாம். நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. கடிபட்டவுடன் போடும் தடுப்பூசி உயிரைக் காப்பதற்குக் காரணமே இந்த நீண்ட பயணம்தான். வைரஸ் மூளையை எட்டுவதற்குள் உடல் எதிர்ப்பைத் திரட்டிக்கொள்கிறது.

உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் ரேபிஸால் இறப்பதாக ஒரு மதிப்பீடு உண்டு. மனிதருக்கு வரும் ரேபிஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயிடமிருந்து வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் நாட்டில் ரேபிஸின் தாய்வீடு நாய்தான். அப்படியிருக்க, வௌவாலை ஏன் ஆராய வேண்டும்? ஒரு காரணம், ரேபிஸ் வைரஸ் தனித்த ஒன்றாக இல்லாமல் ஒரு குடும்பமாக இருப்பது.

1956-இல் நைஜீரியாவின் லாகோஸ் தீவில் பழந்தின்னி வௌவால் ஒன்றிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அது ரேபிஸுக்கு உறவு, ஆனால் ரேபிஸ் இல்லை. அதற்கு லாகோஸ் வௌவால் வைரஸ் என்று பெயரிட்டார்கள். அதற்குப் பின் உறவினர் பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஐரோப்பாவில் இரண்டு வகை வௌவால்களிடம் இரண்டு தனித்தனி வைரஸ்கள் தெரியவந்தன. கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், சைபீரியா, காகசஸ், கென்யா, ஸ்பெயின், தைவான் என்று தேடிய இடமெல்லாம் ஒன்று கிடைத்தது. 1996-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நோயுற்ற கறுப்புப் பழந்தின்னி வௌவாலில் ஆஸ்திரேலிய வௌவால் லிஸ்ஸா வைரஸ் கண்டறியப்பட்டது. அதே ஆண்டிலும் 1998-இலும் 2013-இலும் குயின்ஸ்லாந்தில் ஒவ்வொருவர் அதனால் இறந்தனர். 1998-இல் இறந்தவரை வௌவால் கடித்தது அதற்கு 27 மாதங்களுக்கு முன்பு. இந்தக் குடும்பம் முழுவதையும் லிஸ்ஸா வைரஸ்கள் என்கிறார்கள். இன்று பதினைந்துக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வௌவால்தான் தாய்வீடு.

நமக்கு மிக அருகில் ஒன்று உண்டு. இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில், பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு அருகே உள்ள ஊர் கன்னொறுவ. பழந்தின்னி வௌவால்களின் மூளையிலிருந்து இலங்கையில் பிரித்தெடுக்கப்பட்ட புதிய லிஸ்ஸா வைரஸ் ஒன்றைப் பற்றி 2016-இல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அதற்குக் கன்னொறுவ வௌவால் லிஸ்ஸா வைரஸ் என்று பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டின் ஆலமரங்களிலும் புளியமரங்களிலும் தலைகீழாகத் தொங்கும் அதே பெரிய பழந்தின்னி வௌவால்தான் அதன் ஓம்புயிரி. அந்த வௌவால்கள் கலைந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்கள் நம்மிடம் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் அஞ்ச வேண்டியதில்லை. மரத்தில் தொங்கும் வௌவாலால் ரேபிஸ் வராது. கடியோ கீறலோ நேர்ந்தால், அல்லது காயத்திலோ கண்ணிலோ வாயிலோ உமிழ்நீர் பட்டால்தான் ஆபத்து.

இந்தக் குடும்பக் கதையில் இன்னும் முழுமையாக விடுபடாத ஒரு புதிர் உண்டு. நாய்களிடம் இருக்கும் அசல் ரேபிஸ் வைரஸ், வட, தென் அமெரிக்கக் கண்டங்களின் வௌவால்களிடமும் நிலைத்திருக்கிறது. ஆனால் ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியாவின் வௌவால்களிடம் அது நிலைத்திருப்பதாகக் காணப்படவில்லை. அங்கெல்லாம் வௌவால்களிடம் இருப்பவை உறவு வைரஸ்கள்தான். லிஸ்ஸா வைரஸ்களின் மரபெழுத்துகளை ஒப்பிட்டால், இந்தக் குடும்பம் நெடுங்காலம் வௌவால்களிடம் இருந்து பிறகு ஊனுண்ணி விலங்குகளுக்குத் தாவியிருக்க வேண்டும் என்று தெரிகிறது. அப்படியானால் நாயின் ரேபிஸுக்கும் ஆதி மூலம் வௌவால்தானா? அப்படித்தான் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் அந்தத் தாவல் எங்கே, எந்த வௌவாலிடமிருந்து நடந்தது என்பதற்கு நேரடிச் சான்று இல்லை.

தாவுவது என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அதில் இரண்டு வேறுபட்ட நிகழ்வுகள் அடங்கியுள்ளன. வௌவால் பூனையைக் கடித்து, பூனை ரேபிஸால் இறந்துபோவது ஒன்று. இது அவ்வப்போது நடக்கிறது. அந்த வைரஸ் பூனைக்குப் பூனை பரவி அங்கேயே நிலைத்துவிடுவது மற்றொன்று. இது மிக அரிது. முதலாவதைக் கசிவு என்றும் இரண்டாவதைக் குடியேற்றம் என்றும் பிரித்து வைத்துக்கொண்டால், செய்தித்தாளில் வரும் பல தலைப்புகளின் உண்மையான எடை புரியும். அமெரிக்காவின் பல வௌவால் இனங்களிலிருந்து எடுத்த ரேபிஸ் வைரஸ்களின் மரபெழுத்துகளை டேனியல் ஸ்ட்ரைக்கரும் அவருடைய குழுவினரும் ஒப்பிட்டு 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. நெருங்கிய உறவுள்ள வௌவால் இனங்களுக்கு இடையே வைரஸ் அடிக்கடி கசிகிறது. உறவு தூரமாகத் தூரமாகக் கசிவு குறைகிறது, குடியேற்றமும் குறைகிறது. ஒரே குகையில் தங்கினால் போதும், வைரஸ் தாவிவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் இடநெருக்கத்தைவிட இனங்களின் உறவு நெருக்கமே இங்கே அதிகம் தீர்மானிக்கிறது.

வௌவால் இந்த வைரஸைச் சுமந்தும் நோயில்லாமல் வாழ்கிறது என்ற பேச்சு பரவலாக உண்டு. இந்த நம்பிக்கையால் வௌவால்களுக்கு நேர்ந்த கேடு பெரிது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். மூளையில் ரேபிஸ் பரவிய வௌவாலும் நாயைப் போலவே நோயுற்று இறக்கிறது. ஆய்வாளர்களைக் குழப்பியது வேறொன்று. நல்ல உடல்நலத்துடன் இருக்கும் வௌவால்களைப் பிடித்து இரத்தத்தைச் சோதித்தால், கணிசமானவற்றில் ரேபிஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருக்கின்றன. ஆன்டிபாடி என்று மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான். எதிர்ப்பொருள் இருந்தால் அந்த வௌவாலின் உடலுக்குள் எப்போதோ வைரஸ் நுழைந்திருக்கிறது, மூளையை எட்டுமுன் உடல் அதை முறியடித்துவிட்டது என்று பொருள். இப்போது அதன் உடலில் வைரஸ் இருக்கிறது என்று பொருளில்லை. நாகாலாந்தில் ஆண்டுதோறும் குகை வௌவால்களை வேட்டையாடும் வழக்கம் உள்ளது. அம்மாநில வௌவால்களின் இரத்தத்தில் லிஸ்ஸா வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதை இந்திய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எந்த வைரஸ் அது என்பதை எதிர்ப்பொருளை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

எண்ணிக்கையிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்காவில் சோதனைக்கு அனுப்பப்படும் வௌவால்களில் நூற்றுக்கு ஆறு வரை ரேபிஸ் கண்டறியப்பட்டதுண்டு. சோதனைக்கு வருபவை எவை என்று கேட்க வேண்டும். வீட்டுக்குள் விழுந்தவை, பறக்க முடியாதவை, பூனை கவ்வி வந்தவை. நலமாகப் பறக்கும் வௌவாலை யாராலும் எளிதில் பிடிக்க முடியாது. குகை வாயிலில் வலைகட்டி, கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்துச் சோதித்தால் அந்த விகிதம் பொதுவாக நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. இரண்டு எண்களும் உண்மையே. முதல் எண்ணை மட்டும் சொல்லி வௌவால் கூட்டம் முழுவதையும் அச்சத்துக்குரியதாகக் காட்டுவது தவறு.

மூளையை எட்டினால் கொன்றுவிடும் இவ்வளவு கொடிய வைரஸ், தன் ஓம்புயிரிகளையே அழித்துத் தானும் அழியாமல் எப்படி நீடிக்கிறது? கொலராடோ மாநிலத்தில் பெரிய பழுப்பு வௌவால்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2011-இல் ஒரு விடை தந்தது. இந்த வௌவால்கள் குளிர்காலத்தில் உடல் வெப்பத்தைத் தாழ்த்திக்கொண்டு மாதக்கணக்கில் உறங்குகின்றன. உடல் குளிர்ந்தால் வைரஸின் பெருக்கமும் அடங்கிவிடுகிறது. இலையுதிர்காலத்தில் தொற்று வாங்கிய வௌவால் அந்த வைரஸை உறக்கத்திலேயே வைத்திருந்து, வசந்தத்தில் விழிக்கிறது. கோடையில் குட்டிகள் பிறக்கின்றன. எதிர்ப்பு இல்லாத புதிய உடல்கள் திரளாகக் கிடைத்ததும் வைரஸ் மறுபடி பரவுகிறது. குளிர்கால உறக்கம் இல்லையென்றால் அந்தக் கூட்டத்தில் வைரஸ் தானாகவே அற்றுப்போகும் என்று அவர்களுடைய கணித மாதிரி காட்டியது. இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்க வைக்கும் கண்டுபிடிப்பு இதுதான். வைரஸைச் சோதனைக்குழாயில் மட்டும் படித்தால் இது தெரிந்திருக்காது. வௌவாலின் ஆண்டு முழுவதையும் படித்தவர்களுக்கே தெரிந்தது.

பெருவில் நடந்த ஆய்வும் அத்தகையதே. இரத்தம் குடிக்கும் வௌவால் இலத்தீன் அமெரிக்காவில் மட்டுமே உண்டு. (நம் நாட்டில் பொய்யாக அந்தப் பெயர் சுமக்கும் வௌவால்கள் இரத்தம் குடிப்பதில்லை, பூச்சி, தவளை, சிறு எலி போன்றவற்றை வேட்டையாடுகின்றன.) மாடுகளில் ரேபிஸ் பரவும்போது அங்கே வழக்கமான தீர்வு ஒன்று உண்டு. சில வௌவால்களைப் பிடித்து, இரத்தம் உறைவதைத் தடுக்கும் நஞ்சைக் களிம்பாக முதுகில் தடவி விட்டுவிடுவார்கள். வௌவால்கள் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும் பழக்கமுடையவை. ஒன்றின் முதுகில் உள்ள நஞ்சு பலவற்றைக் கொல்லும்.

அழித்தால் நோய் குறையும் என்பது எவருக்கும் தோன்றும் கணக்குதான். ஸ்ட்ரைக்கரின் குழு பெருவில் கூட்டம் கூட்டமாகச் சோதித்தபோது, கூட்டம் பெரிதோ சிறிதோ, வைரஸைச் சந்தித்த வௌவால்களின் விகிதத்துக்கும் அதற்கும் தொடர்பு தென்படவில்லை. அவ்வப்போது நடந்த அழிப்பும் அதைக் குறைக்கவில்லை. 2023-இல் வெளியான அடுத்த ஆய்வு இன்னும் நுட்பமானது. ரேபிஸ் வந்து சேருமுன் அழித்த இடங்களில் பரவல் மெதுவானது. ரேபிஸ் வந்த பிறகு அழித்த இடங்களிலோ பரவல் விரைந்தது. கூட்டம் கலைக்கப்பட்டால் எஞ்சியவை இடம்விட்டு இடம் பெயர்கின்றன. வைரஸும் கூடவே போகிறது.

வைரஸை ஊர் ஊராகக் கொண்டுபோகும் வௌவால் எது என்பதற்கும் மரபணுவில் விடை இருந்தது. தாயிடமிருந்து மட்டும் வரும் மரபணுப் பகுதியைப் பார்த்தால், பெருவின் பெண் வௌவால்கள் அதிக தூரம் இடம்பெயர்வதில்லை என்று தெரிகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் பகுதியைப் பார்த்தால், கூட்டங்கள் தொலைவில் உள்ளவற்றோடும் கலந்திருக்கின்றன. அப்படியானால் இடம்பெயர்பவை ஆண்கள். வைரஸின் பரவல் பாதையும் ஆண்களின் பாதையோடு ஒத்துப்போனது. அதை வைத்து, அதுவரை ரேபிஸ் இல்லாத பசிபிக் கடற்கரையை வைரஸ் எப்போது எட்டக்கூடும் என்று 2016-இலேயே முன்கூட்டிக் கணித்தார்கள். முன்கூட்டித் தெரிந்தால் அங்குள்ள மாடுகளுக்கு நேரத்தோடு தடுப்பூசி போடலாம். நக்கிக்கொள்ளும் பழக்கத்தையே பயன்படுத்தி, நஞ்சுக்குப் பதில் தடுப்பு மருந்தைக் களிம்பாகத் தடவிவிடும் முயற்சியும் நடந்துகொண்டிருக்கிறது. மருந்துக்கு முன்னோட்டமாக ஒளிரும் சாயம் கலந்த களிம்பைத் தடவி, எத்தனை வௌவால்களின் முடியில் அந்தச் சாயம் ஏறியது என்று பார்த்திருக்கிறார்கள். தடவப்படாத வௌவால்கள் பலவற்றிலும் அது தென்பட்டது. இந்த வழி வெற்றி பெற வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

வௌவாலை விட்டுச் சற்று வெளியே வந்தால், தாய்வீட்டைச் சரியாக அடையாளம் கண்டதன் பலன் ஐரோப்பாவில் கண்கூடாகத் தெரியும். அங்கே காட்டு ரேபிஸின் தாய்வீடு செந்நரி. நரிகளைச் சுட்டுக் குறைக்க நெடுங்காலம் முயன்றும் பரவல் நிற்கவில்லை. 1978-இல் சுவிட்சர்லாந்தின் ரோன் பள்ளத்தாக்கில் கோழித் தலைகளுக்குள் தடுப்பு மருந்தை வைத்துக் காட்டில் போட்டார்கள். நரிகள் தின்றன, எதிர்ப்புப் பெற்றன. 1999-இல் சுவிட்சர்லாந்தும் 2008-இல் ஜெர்மனியும் நரி ரேபிஸிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. தான்சானியாவின் செரெங்கெட்டியில் இதற்கு நேர்மாறான செய்தி கிடைத்தது. அங்கே ஊனுண்ணிகள் பல வகை. ஆகவே காட்டிலேயே தாய்வீடு இருக்கும் என்று பலர் கருதினர். வைரஸைத் தொடர்ந்து ஆராய்ந்ததில், அதைத் தக்கவைப்பது காட்டைச் சுற்றியுள்ள ஊர்களின் நாய்கள்தான் என்று தெரிந்தது. நாய்களிடமிருந்துதான் காட்டு விலங்குகளுக்கு நோய் போகிறது. எத்தியோப்பியாவின் பேல் மலைகளில், உலகில் சில நூறே எஞ்சியுள்ள எத்தியோப்பிய ஓநாய்கள் நாய்களிடமிருந்து வந்த ரேபிஸால் 1990-களின் தொடக்கத்திலும் 2003-இலும் கூட்டமாக மாண்டன. காட்டிலிருந்து நமக்கு நோய் வருகிறது என்ற பேச்சுக்கு நடுவே, நம்மிடமிருந்து காட்டுக்குப் போன நோயையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

தைவான் 1961 முதல் ரேபிஸ் இல்லாத நாடாக அறியப்பட்டிருந்தது. 2013-இல் அங்குள்ள ஃபெரட் பேட்ஜர் எனும் சிறு காட்டு விலங்கில் ரேபிஸ் வெளிப்பட்டது. மரபெழுத்துகளைப் பார்த்தபோது அந்த வைரஸ் அங்கே நெடுங்காலமாக இருந்து வந்தது தெரிந்தது. தேடாத வரை இல்லை என்றே தோன்றியிருக்கிறது.

இனி தடுப்பூசி. லிஸ்ஸா வைரஸ்களை உறவின் நெருக்கத்தைக் கொண்டு மூன்று பெரும் பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். நம் மருத்துவமனைகளில் உள்ள தடுப்பூசி அசல் ரேபிஸ் வைரஸிலிருந்து செய்யப்பட்டது. அதே பிரிவைச் சேர்ந்த ஆஸ்திரேலிய, ஐரோப்பிய வௌவால் வைரஸ்களுக்கு எதிராகவும் அது பயன்படுகிறது. கன்னொறுவ வைரஸும் இந்தப் பிரிவில்தான் சேர்கிறது. ஆப்பிரிக்காவின் லாகோஸ், மொக்கோலா வைரஸ்கள் உள்ள இரண்டாம் பிரிவுக்கும், மேற்குக் காகசஸ் வைரஸ் உள்ள மூன்றாம் பிரிவுக்கும் எதிராக அதன் ஆற்றல் போதாது. அந்தப் பிரிவுகளால் இறந்த மனிதர்கள் மிகச் சிலரே என்றாலும், எல்லாவற்றுக்கும் பொதுவான தடுப்பூசியை ஆய்வகங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன. புதிய லிஸ்ஸா வைரஸ் ஒன்று கிடைத்ததும் ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பவற்றுள் ஒன்று, அது எந்தப் பிரிவு என்பது.

வீட்டில் வௌவால் விழுந்து கிடந்தால் வெறுங்கையால் எடுக்கக் கூடாது. குழந்தைகளைத் தொடவிடக் கூடாது. வௌவாலின் பற்கள் மிகச் சிறியவை. கடித்த தடம் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். ஆகவே வௌவாலோடு நேரடித் தொடர்பு நேர்ந்தால், அதை மிகக் கடுமையான மூன்றாம் வகைக் காயமாகவே உலக சுகாதார நிறுவனம் கருதுகிறது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தடுப்பூசியோடு, காயத்திலேயே செலுத்தப்படும், ஆயத்தமான எதிர்ப்பொருள்களைக் கொண்ட இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சத்துக்கு இன்று இடமில்லை; இப்போதைய ஊசிகள் கையில் போடப்படுபவை, சிலவே. கடித்தது நாயா, கீரியா, வௌவாலா என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வௌவாலைச் சோதனைக்கு அனுப்ப வாய்ப்பு இருந்தால், தலையை நசுக்கிவிடாமல் கால்நடை மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். சோதனை செய்வது மூளைத் திசுவில்.